விற்றவருக்குத் தெரிந்திருந்ததா?

 

ஒருவர் குடியிருந்த வீட்டை விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். பத்திரம் பதிவாகிறது, சாவி கைமாறுகிறது, பால் காய்ப்பு நடக்கிறது. அதன் பிறகு வீட்டில் ஒரு குறை தலைகாட்டுகிறது. அதைச் சரிசெய்யும் செலவை யார் ஏற்பது? நாஞ்சில் நாட்டில் வரப்புத் தகராறுக்கும் நடைபாதைத் தகராறுக்கும் பாகப்பிரிவினைக்கும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் உண்டு. எதற்கு யாரிடம் போக வேண்டும், எந்த ஆதாரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களுக்கே தெரியும். விற்ற வீட்டின் பழுது பற்றிய தகராறுக்கு அப்படி ஒரு வழக்கம் இங்கே உருவாகவில்லை. வாங்கியவர் ஒரு தடவை போனில் சத்தம் போடுவார், தரகரைப் பிடிப்பார், தரகர் தரகு வாங்கியதோடு தன் வேலை முடிந்தது என்பார். கடைசியில் வாங்கியவரே வீட்டுக்கடனுக்கு மேல் இன்னொரு கடன் வாங்கி வேலை பார்ப்பார். நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் சிலரே. வந்தாலும் பலர் காலம் கடந்தும் ஆதாரம் கலைந்தும் வருகிறார்கள். வழக்கறிஞர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது ஏற்படுகிற வருத்தம்தான் இந்தப் பொருளை எடுக்க வைத்தது.

குமரி மாவட்டத்தில் வீட்டின் குறையைக் காட்டிக்கொடுப்பது மழை. இடவப்பாதியும் ஐப்பசி, கார்த்திகை மழையும் என்று ஆண்டில் இரண்டு மழைக்காலம் காணும் மண் இது. ஆனால் வீடு பார்க்கக் கிளம்புவது மாசி, பங்குனி வெயிலில். பள்ளிக்கூடம் திறக்குமுன் குடியேறிவிட வேண்டும் என்று சித்திரையில் பத்திரம் முடிப்பார்கள். வைகாசிக் கடைசியில் மழை பிடிக்கும். அப்போதுதான் தெற்கு அறையின் மேல்தளத்தில் ஈரம் படரும், சுவரோரம் உப்புப் பூக்கும், புறவாசலில் தண்ணீர் ஏறும். வாங்கியவர் கேட்கிற முதல் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: இது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அந்தக் கேள்விதான் சட்டத்தின் கேள்வியும். அதற்குப் போகுமுன் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் இந்தத் தகராறு பெருகியதற்கு மனிதர்களின் குணம் கெட்டது மட்டும் காரணமில்லை, வீடு மாறியதும் காரணம்.

ஓட்டு வீட்டுக்குத் தன் குறையை மறைக்கத் தெரியாது. ஓடு உடைந்தால் ஒழுகும். கீழே வைத்த பாத்திரம் இடத்தைக் காட்டும். ஆளை ஏற்றி ஓடு மாற்றினால் வேலை முடிந்தது. கழுக்கோலில் கரையான் ஏறினால் மண் கோடு கண்ணுக்குத் தெரியும், விரலால் தட்டினால் சத்தம் மாறும். பலாவா, அயனியா, தேக்கா என்று வாங்குகிறவரே மரத்தைத் தொட்டுப் பார்ப்பார். அந்த வீட்டை வாங்கியவர் ஏமாந்தால் பார்க்காமல் ஏமாந்ததாகச் சொல்லலாம். கான்கிரீட் மட்டுப்பா, அதாவது தட்டையான தளக்கூரை, அப்படியில்லை. அதன் நோய் உள்ளே இருக்கிறது. கம்பி துருப்பிடிக்கும்போது இரும்பு இருந்த இடத்தைவிடத் துரு பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கீழ்ப்பக்கக் காரை விரிசல் விட்டு, கடைசியில் பெயர்ந்து விழும். விழுவதற்கு முந்தைய சில ஆண்டுகள் ஒரு கோட் பட்டியும் பெயின்ட்டும் அடித்தால் யாருக்கும் தெரியாது.

ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை கடலோரம் முழுக்க இந்த ஆபத்து கூடுதல். உப்புக்காற்று கம்பியைத் தேடிப் போகிறது. கடலோரச் சூழலில் வெளிப்பட நிற்கும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 குறைந்தது எம்30 தரத்தையும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலையும் கேட்கிறது. நம் ஊர்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் மேஸ்திரி கைக்கணக்கில் போட்ட தளங்களில் இதில் பாதி மூடல் இருந்தாலே பெரிது. கலவைக்கு எந்த மணலைச் சேர்த்தார்கள், எந்தத் தண்ணீரை ஊற்றினார்கள் என்பதும் அந்தத் தளத்துக்குள்தான் புதைந்து கிடக்கிறது. கடலே இல்லாத குருகிராமில் 2022 பிப்ரவரி 10 அன்று சின்டெல்ஸ் பாரடைசோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஆராய்ந்த டெல்லி ஐ.ஐ.டி. கான்கிரீட்டுக்குள்ளேயே குளோரைடு இருப்பதைக் கண்டது. பெரும்பணம் கொடுத்து வாங்கியவர்களின் கண்ணுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

உள்நாட்டில் வேறு கதை. பழையாற்றுப் பாசனத்தில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைந்த வயல்கள் மண்ணடித்து மனைகளாயின. அடித்த மண் அமர்வதற்குள் அஸ்திவாரம் எழும்பியது. அப்படிக் கட்டிய வீட்டின் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். பூசினால் அடுத்த ஆண்டு அதே இடத்தில் திரும்ப வரும். அந்த வீட்டில் பத்தாண்டு இருந்தவருக்கு அது தெரியும். கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தவருக்குத் தெரியாது.

இனி பத்திரத்துக்கு வருவோம். நம் கிரயப் பத்திரங்களின் மொழியைச் சற்று நினைத்துப் பாருங்கள். எழுதிக் கொடுப்பவர், சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை என்கிறார். பின்னிட்டு ஏதேனும் தெரிய வந்தால் முன்னின்று சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன் என்று உறுதி சொல்கிறார். இந்த உறுதி முழுக்க உரிமை பற்றியது. வேறு பங்காளி இருந்தால், அடமானம் இருந்தால், வழக்கு இருந்தால் அவர் வர வேண்டும். தளம் ஒழுகினால் வர வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. வஸ்துவில் நிற்கும் தென்னையும் பலாவும் கிணறும் சுற்றுச்சுவரும் பழைய ஆதாரங்களில் இடம்பெறும். கிணறு கோடையில் வற்றுமா என்பது இடம்பெறாது. வாங்குபவரும் முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்து வழக்கறிஞரிடம் கருத்துரை வாங்குவார். ஒரு பொறியாளரை அழைத்துப் போய் மட்டுப்பாவில் ஏற்றிக் காட்ட மாட்டார். சில லட்சம் ரூபாய் பழுதைக் காட்டித் தரக்கூடிய அந்த ஒரு நாள் கூலியை மிச்சம் பிடித்துவிட்டு, முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் கட்டி வெளியே வருகிறோம்.

உரிமை முதலில், வீடு பிறகு என்ற இந்த வரிசையில் சட்டம் யோசிக்கவில்லை என்பதை இளம் வழக்கறிஞர்கள் கவனிக்க வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவு. விற்பவரின் கடமைகளில் முதலாவதாக அது வைப்பது குறையைச் சொல்லும் கடமையை. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை எதுவானாலும் விற்பவர் சொல்லியாக வேண்டும். 1882இல் இயற்றியபோது அந்த வாக்கியம் சொத்தில் உள்ள குறையை மட்டுமே பேசியது. உரிமையில் உள்ள குறையும் அதில் சேரும் என்று 1929ஆம் ஆண்டுத் திருத்தம்தான் சேர்த்தது. சட்டம் முதலில் சுவரைப் பார்த்தது, நாற்பத்தேழு ஆண்டு கழித்து அதே வரியில் காகிதத்தையும் சேர்த்துக்கொண்டது. நம் பத்திர எழுத்து காகிதத்தோடு நின்றுவிட்டது. அதே பிரிவின் இறுதியில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது: அப்படிச் சொல்லாமல் விடுவது வஞ்சனை. கடுமையான சொல். சட்டம் தெரிந்தே அதைப் போட்டிருக்கிறது.

இந்தக் கடமை ஆங்கிலேயர் கொண்டுவந்த புதுச்சரக்கும் இல்லை. கி.மு. 44இல் சிசரோ தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இரண்டு வீட்டு வழக்குகளைச் சொல்கிறார். ரோம் நகரத்தின் கேலியன் குன்றில் கிளாடியஸ் சென்டுமாலஸ் என்பவருக்கு உயரமான வீடு. பறவைகளின் பறத்தலைப் பார்த்து நிமித்தம் சொல்லும் குருமார்கள் தங்கள் பார்வையை மறைக்கும் பகுதியை இடிக்கச் சொல்கிறார்கள். அவர் இடிக்கவில்லை, வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் கல்பூர்னியஸ் லனாரியஸ். குருமார்கள் அவரிடம் வந்து அதே உத்தரவைச் சொல்ல, அவர் இடித்தார். பிறகுதான் உத்தரவு விற்பனைக்கு முன்பே வந்தது என்று தெரிந்தது. வழக்கை விசாரித்த மார்க்கஸ் கேட்டோவின் தீர்ப்பு நேரானது: விற்கும்போது தெரிந்திருந்தது, சொல்லவில்லை, ஆகவே நட்டத்தை விற்றவர் ஈடுசெய்ய வேண்டும்.

இரண்டாவது வழக்கு இதைவிட நுட்பமானது. கிராடிடியானஸ் என்பவர் ஒரு வீட்டை செர்கியஸ் ஒராட்டா என்பவருக்கு விற்றார். வீட்டின் மீது வேறொருவருக்கு ஒரு பாத்தியதை இருந்தது. பத்திரத்தில் அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் கிராடிடியானஸுக்கு விற்றவரே ஒராட்டாதான். தானே விற்ற வீட்டின் குறையைத் தனக்குச் சொல்லவில்லை என்று அவர் எப்படிக் கேட்க முடியும் என்று எதிர்த்தரப்பில் அந்தோனியஸ் வாதாடினார். விற்றவருக்குத் தெரிந்திருந்ததா, வாங்கியவருக்குத் தெரியாமல் இருந்ததா: 55ஆம் பிரிவின் இரண்டு கால்களும் அந்த இரண்டு வழக்குகளில் நிற்கின்றன.

நம் நீதிமன்றத்தில் இவற்றை எப்படி நிரூபிப்பது? பெரும்பாலான வழக்குகள் வழுக்குவது இங்கேதான். ஒழுகுகிறது என்பதை நிரூபிப்பது எளிது. போன ஆண்டும் ஒழுகியது, அது விற்றவருக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க வேண்டும். வீடு முழுக்கப் பழைய பெயின்ட் இருக்க, ஒரே ஒரு அறையின் மேல்தளத்தில் மட்டும் விற்பனைக்கு முந்தைய மாதம் புதிதாகப் பட்டி வைத்திருந்தால் அது பேசும். ஒழுக்குக்கு மருந்தடித்த ஆளின் ரசீது, முன்பு வாடகைக்கு இருந்தவரின் சாட்சியம், பக்கத்து வீட்டுக்காரர் 2021 நவம்பர் வெள்ளத்தின்போது எடுத்த படம் எல்லாம் பேசும். போனில் உள்ள படத்தையும் குரல் பதிவையும் கொடுப்பதென்றால் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுங்கள்.

வாங்கியவரின் கவனத்தையும் நீதிமன்றம் அளக்கும். கண்ணுக்கு முன் தெரிந்த விரிசலை, ஓடு இல்லாத கூரையை, வாசல் மட்டத்துக்கு மேலே கிடக்கும் தெருவைப் பார்க்காமல் விட்டேன் என்றால் எடுபடாது. மனை ஒரு காலத்தில் நஞ்சையா என்பதைக் கிராமத்தின் 'அ' பதிவேடு சொல்லிவிடும். அதை இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். ஆகவே அது வயல் என்று விற்றவர் சொல்லவில்லை என்ற வாதம் பலவீனமானது. வயலுக்கு மேல் எத்தனை அடி மண்ணடித்தார்கள், அஸ்திவாரம் அந்த மண்ணில் நிற்கிறதா, அதைக் கடந்து கெட்டித் தரைக்கு இறங்கியதா என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது கட்டியவருக்கு மட்டுமே தெரியும். அங்கே மௌனம் குற்றமாகும்.

இன்னொரு சங்கடத்தை வாங்கியவர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. வழக்குப் போட்டால் நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, பொறியாளர் துணையோடு வீட்டைப் பார்த்து அறிக்கை கேட்கலாம். அவர் வரும் வரை பழுதைத் தொடாமல் இருந்தால்தான் ஆதாரம் இருக்கும். தொடாமல் இருந்தால் குழந்தைகள் ஈரத்துக்குக் கீழே படுக்க வேண்டும். சரிசெய்துவிட்டு வந்தால், பழுதே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி இது: முதலில் பதிவுத் தபாலில் விற்றவருக்கு எழுதி, நாள் குறித்து, வந்து பார்க்கக் கூப்பிடுங்கள். பொறியாளரை வைத்து அளவோடும் படத்தோடும் அறிக்கை வாங்குங்கள். பெயர்த்த காரையையும் துருக் கம்பியின் துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். உரிமையியல் வழக்குக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு கெடு. வஞ்சனை என்றால் அது வெளிப்பட்ட நாளிலிருந்து அந்தக் கெடு ஓடும். வழக்குப் போடுமுன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துப் பாருங்கள். லோக் அதாலத்தில் இரண்டு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். லக்னோ வளர்ச்சிக் குழுமத்துக்கு எதிராக எம்.கே. குப்தா நடத்திய வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் வீடு கட்டித் தருவது ஒரு சேவை என்று சொன்னது. கட்டித் தருகிறவர் மீது அந்தக் கதவு திறந்திருக்கிறது; இரண்டு ஆண்டுக்குள் தட்ட வேண்டும். ஆனால் தான் குடியிருந்த வீட்டை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விற்றால் அவர் யாருக்கும் சேவை செய்யவில்லை. அங்கே உரிமையியல் நீதிமன்றம்தான். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறையைக் கட்டியவர் முப்பது நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலமோ, எட்டுக்கு மேற்படாத குடியிருப்புகளோ என்றால் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது 12 சென்ட்டுக்குச் சற்று மேல். பத்து சென்ட் வாங்கி இரண்டு வீடு கட்டி விற்பதுதான் நாகர்கோவிலைச் சுற்றி நடக்கும் தொழில். பெருநகரங்களை நினைத்து வரைந்த எல்லைக்கோடு நம் ஊர் வீட்டை வெளியே விட்டுவிட்டது. சிற்றூர்களுக்கு இந்த எல்லையைக் குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விற்றவர் பக்கமும் நியாயம் உண்டு. தாய் தகப்பன் காலமான பிறகு வளைகுடாவிலிருந்து பவர் கொடுத்து விற்கும் மகனுக்கு, பத்தாண்டு பார்க்காத வீட்டின் எந்தத் தளம் ஒழுகும் என்று தெரியாது. தெரியாததைச் சொல்லவில்லை என்று அவரை வஞ்சகராக்க முடியாது. வாங்கிய ஆறாம் மாதம் மாடி எடுத்துக் கட்டிவிட்டு, கீழே விரிசல் விழுந்ததும் பழைய உரிமையாளரைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒத்துக்கொண்ட விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடுங்க ஒரு சிறு ஒழுக்கைச் சாக்காக்குகிறவர்களும் உண்டு. விற்ற பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்ட ஒருவருக்கு, இரண்டாம் ஆண்டில் வரும் வக்கீல் நோட்டீஸ் எவ்வளவு பெரிய இடி என்பதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததை எழுத்தில் கொடுத்திருந்தால் முதலில் காப்பாற்றப்படுகிறவர் அவர்தான். எழுதிய குறையை வாங்கியவர் பிறகு கேட்க முடியாது. சொன்னால் விலை குறையும் என்று அஞ்சுகிறோம். குறையத்தான் செய்யும்; அந்தக் குறைந்த விலைதான் அந்த வீட்டின் உண்மை விலை. அதற்கு மேல் வாங்கியது, குறை தெரியாதவரிடம் கைநீட்டி வாங்கியது.

கட்டடம் உள்ள சொத்தென்றால் அதன் வயது, கூரை வகை, பரப்பு முதலியவற்றைத் தனிப் படிவத்தில் எழுதிப் பத்திரத்தோடு இணைக்கிறோம். மதிப்புக் கணக்கிட அரசு வந்தும் பார்க்கிறது. அந்தப் படிவத்திலேயே விற்பவர் அறிந்த குறை என்று இன்னும் ஒரு கட்டம் சேர்க்கலாம். கலிஃபோர்னியாவில் வீடு விற்பவர் அப்படியொரு அறிக்கை தர வேண்டும் என்பது 1987 முதல் சட்டம். நம் அரசு செய்யும் வரை ஆவண எழுத்தர்கள் காத்திருக்க வேண்டாம். கிரய ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி எழுதுங்கள்:

மேற்படி வீட்டின் தெற்கு அறைக்கு மேல் மழைக்காலத்தில் ஈரம் ஊறுவதும், அதற்கு 2019இல் மருந்தடித்ததும், புறவாசலில் கனமழையில் தண்ணீர் நிற்பதும் விற்பவரால் சொல்லப்பட்டு, வாங்குபவர் நேரில் பார்த்தறிந்து, அதற்கேற்ப விலை பேசப்பட்டது. இவை தவிர, விற்பவர் அறிந்த குறை வேறில்லை.

2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தமே கட்டாயப் பதிவுக்குரியது. ஆகவே இந்தப் பத்தி அரசுப் பதிவேட்டில் ஏறிவிடும். யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பின்னால் சாட்சி தேட வேண்டியதில்லை.

விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து மழை கழிந்து கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வங்கிக் கடனில் வாங்குகிறவருக்கு அது ஒத்து வராது. பாக்கி வைத்த விலைக்குச் சொத்தின் மேல் விற்றவருக்குப் பொறுப்புரிமை எழும். வங்கி அதை ஏற்காது. அதைவிட எளிய வழி நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. பங்குனியில் ஒப்பந்தம் போடுகிறீர்கள். ஆடியில் பத்திரம் பதியப் பலர் தயங்குவார்கள். கெடுவை ஆவணிக்கு வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் வீட்டை அக்கறையோடு பார்த்துக்கொள்ள வேண்டியது விற்பவரின் கடமை என்று அதே 55ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்கு முதல் சில மாதம் வாடகை வீட்டிலிருந்து போகட்டும். இடவப்பாதி முழுக்க அந்த மட்டுப்பாவின் மேல் பெய்யட்டும். நடு மழையில் ஒரு நாள், விற்பவரிடம் சொல்லிவிட்டு, பொறியாளரோடு போய் எல்லா அறைகளையும் பாருங்கள். கண்டதை ஒப்பந்தத்தின் பின்பக்கம் இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். பத்திரத்துக்கு நாள் பார்ப்பது அதற்கப்புறம்.